ஆட்டுக்காரன் கரட்டில் கிடைத்த கல்

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் உருள்கிற ரகம், ஆனால் இப்போது சொல்லமாட்டேன், வடமதுரை தாண்டட்டும், ஸ்கூட்டியின் பின்சீட்டில் மடியில் சுத்தியலை வைத்துக்கொண்டு, வலப்பக்கம் சிமெண்டு லாரி ஒன்று உரசிக்கொண்டு வரும்போது சிரிப்புக் கதையை எடுத்தால் கதையும் நானும் சேர்ந்து நாலுவழிச் சாலையில் விழுவோம், விழுந்தால் எங்க அப்பா தன் கண்டக்டர் குரலில் "எறங்கறவங்க வண்டி நின்னப்பறம் எறங்குங்க" என்பார், அந்தக் குரல் எனக்கு அத்துப்படி, பாதி மூக்கு பாதி தொண்டை, "உள்ள போ உள்ள போ, உள்ள எடமிருக்கு", உள்ளே ஓர் ஆட்டுக்குட்டிக்கும் இடமிருக்காது, ஆனாலும் இருக்கு என்பார், ஆட்களும் நம்பிப் போவார்கள், குரல் சரியாக இருந்தால் இல்லாத இடத்தைக்கூட இருக்கிறது என்று நம்புவார்கள், இதைச் சின்ன வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டேன், அதற்கப்புறம் பங்குச்சாமியார், மைக்கில் முட்டி முட்டிப் பேசுகிற அவருடைய 'ப' எழுத்து, ஹெட்மாஸ்டருடைய இருமல், கேபிள்காரர், அம்மா, செல்போனில் வழி சொல்கிற பெண், எல்லாரும் என் தொண்டையில் டிக்கெட் இல்லாமல் ஏறிக்கொண்டார்கள். ஓட்டுவது ரெஜினா அக்கா. எனக்கு ஏழு வயது மூத்தவள், எம்.எஸ்சி ஜியாலஜி, ஹெல்மெட்டுக்குள் ஏதோ முனகிக்கொண்டே ஓட்டுகிறாள், அது பாட்டு, நான் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது, முதுகு வழியாகக் கேட்கிறது. வீட்டில் இரண்டாம் பூசைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். பூசைக்கு எதுக்குடா சுத்தியல் என்று அம்மா கேட்டிருந்தால், கோயில் மணி சிக்கிக்கொண்டுவிட்டது, தட்டி அடிக்க வேண்டுமாம் என்று சாமியார் குரலிலேயே சொல்ல வைத்திருந்தேன், அம்மா கேட்கவில்லை, அக்கா தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு வெளியே கிளம்பியதையே கண்ணில் தண்ணீரோடு பார்த்துக்கொண்டிருந்தாள், சுத்தியல் அவள் கண்ணில் படவில்லை. அதற்கென்ன, வடமதுரை வரட்டும்.

"ஜெரோமு, பிடிச்சு உக்காந்திருக்கியாடா?" என்று அக்கா காற்றுக்குள் கத்துகிறாள். "பிடிச்சிருக்கேன்க்கா." "சுத்தியலையா, என்னையா?" "ரெண்டையும்." "டப்பா?" "பையிலதான் இருக்கு." டப்பா என்றால் நகைக்கடையில் கம்மல் வைத்துக் கொடுக்கிற சிவப்பு டப்பா, அம்மாவுடையது, அதில் பஞ்சு வைத்து, பஞ்சின் மேல் கல்லை வைத்திருக்கிறாள், என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கல், இப்படிப் பிடித்தால் பச்சை, அப்படித் திருப்பினால் பழுப்பு, ஒரே கல், ஒரே வெயில், திருப்புகிற பக்கத்தைப் பொறுத்து நிறம் மாறும், அந்த நிறமாற்றத்துக்கு அக்கா ஒரு பெயர் சொன்னாள், எனக்கு வாயில் நிற்கவில்லை, ஆனால் அதை எனக்கு முன்னாலேயே தெரியும் என்று நினைத்தேன், என் வேலையே அதுதானே, இந்தப் பக்கம் திருப்பினால் அப்பா, அந்தப் பக்கம் திருப்பினால் சாமியார். கல்லின் பெயர் கோர்னெருப்பின். அம்மா அதை கோணநெருப்பு என்கிறாள். பக்கத்து வீட்டு ஃபாத்திமா மேரி அக்காவிடம், "எங்க ரெஜினா கோணநெருப்புன்னு ஒரு கல்லு கண்டுபிடிச்சிருக்கா, ஒலகத்துலயே கொஞ்ச எடத்துலதான் இருக்காம்" என்று மாடியிலிருந்து சொல்கிறாள், அம்மாவின் அந்தக் குரலைப் பிடிக்க நான் முயற்சி செய்யவே இல்லை, பிடித்தால் தொண்டையில் ஏதோ கிழிந்துவிடும் என்று தோன்றியது. உலகத்தில் கொஞ்ச இடத்தில்தான். முதலில் கிரீன்லாந்தில் பனிக்கு நடுவே பார்த்தார்களாம், கல்லின் பெயருக்குச் சொந்தக்காரர் அந்த ஊரைச் சுற்றித் திரிந்த டென்மார்க்காரர், இருபத்து நாலு வயதில் செத்துப்போனார், தன் பெயரில் ஒரு கல் இருப்பது அவருக்குத் தெரியாது, செத்தப்புறம்தான் வைத்தார்கள். நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் அக்கா இதைச் சொல்லிவிட்டு, "என் வயசுடா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்றால் அவள் அதைச் சொல்லும்போது சிரித்த முகமாக இருந்தாள், போன மாசத்துக்கு முன்னால் என்றால் அதே வார்த்தையை வேறு மாதிரி சொல்லியிருப்பாள், அல்லது சொல்லியே இருக்கமாட்டாள், பேச்சே கிடையாதே. வடமதுரை வந்துவிட்டது. பெருமாள் கோயில் தெருப் பக்கம் பூ விற்கிறார்கள். அய்யலூர் தாண்டட்டும், சொல்கிறேன்.

பேச்சே கிடையாது. அக்காவுடைய மகிழ் அண்ணன் புவனேஸ்வருக்கு ஆராய்ச்சிக்குப் போனார், போகும்போது எங்கள் தெருமுனை டீக்கடை வரைக்கும் வந்தார், என்னிடம் ஒரு டெய்ரி மில்க் கொடுத்துவிட்டு "அக்காவைப் பாத்துக்கடா, அப்பறம்" என்றார், எந்த வாக்கியத்தையும் 'அப்பறம்' என்று முடிப்பார், அப்புறம் என்ன என்று சொல்லமாட்டார், வாக்கியத்தின் வால் அப்படியே தொங்கும், முதலில் தினமும் போன் வந்தது, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்தது, அப்புறம் அக்கா போட்டால் எடுத்தார், அப்புறம் ஒரு நாள் வாட்ஸப்பில் வேறொரு பெண் பெயரோடு அவர் பெயர் போட்ட கல்யாணப் பத்திரிகை வந்தது, குரூப்பில், எல்லாருக்கும் பொதுவாக. அக்கா அதைப் பார்த்தபோது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நான் பார்த்தேன், அவள் உரிப்பதை நிறுத்தவே இல்லை, தோலையெல்லாம் உரித்து முடித்து அதற்கு மேலும் உரித்தாள், கடைசியில் ஒன்றும் இல்லை. அப்புறம் பேச்சு நின்றது. அழுதாலாவது பரவாயில்லை, அம்மா அப்படித்தான் சொன்னாள். எனக்கு வேறு ஒரு கஷ்டம், யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் செருப்படி விழும்: என் ஆட்டத்துக்கு ஆள் இல்லை. வகுப்பில் அத்தனை பேர் சிரிப்பார்கள், எனக்கு அதெல்லாம் சில்லறை, அக்காவின் சிரிப்புதான் எனக்குச் சிரிப்பு, மூச்சை உள்ளே இழுத்து ஒரு விக்கல் மாதிரி ஆரம்பித்து, போதும்டா போதும்டா என்று கையை ஆட்டி, அப்புறம் சத்தமே இல்லாமல் தோள் மட்டும் குலுங்கும். அதற்காக நான் அப்பாவைப் போட்டேன், சாமியாரைப் போட்டேன், அவளுடைய காலேஜ் தெய்வநாயகம் சாரைப் போட்டேன், "ரெஜினா, வாட் ஐ ஆம் சேயிங் ஈஸ், பாறை பொய் சொல்லாது, படிக்கிறவன்தான் பொய் படிப்பான்", அச்சு அசல், அக்கா சுவரைப் பார்த்தபடி "நல்லாருக்குடா" என்றாள். நல்லாருக்குடா. என்னிடம் மகிழ் அண்ணன் குரலும் இருக்கிறது. இதை நினைக்கக்கூடாது. அவர் குரலைத்தான் நான் எல்லாவற்றையும்விடச் சரியாகப் பிடித்திருக்கிறேன், "ரெஜி" என்று அவர் கூப்பிடும்போது ஜி தரையில் விழாமல் ஒரு சாண் மேலேயே நிற்கும், அதை நான் ஒரு முறை குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன், மயிர் குத்திட்டு நின்றுவிட்டது, அதற்கப்புறம் அதை வெளியே எடுத்ததில்லை, தூக்கத்தில் வந்துவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டு படுக்கிறேன். இதில் சிரிப்பு எங்கே என்று கேட்கலாம். கேட்காதீர்கள், வருகிறது.

என் வகுப்பு ஹனிபாவுடைய அத்தாவுக்குக் கல் வியாபாரம். வைரம் வைடூரியம் என்று பெரிதாக நினைக்க வேண்டாம், வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, இலங்கையிலிருந்து வருகிற வெட்டாத கற்களைத் தட்டில் கொட்டி, விரலால் தள்ளித் தள்ளி, இது ஆகும், இது ஆகாது, ஆகும், ஆகாது, "அத்தா கண்ணாலயே எடை போடுவாருடா" என்பான் ஹனிபா. ஆகாதவை ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பாவுக்குள் போகும். அதிலிருந்துதான் ஹனிபா இதை எடுத்துக் கொடுத்தான். "டூர்மலின் மாதிரி ஏதோ, அத்தா வேணாம்னு போட்டுட்டாரு, எடுத்துக்க." பச்சையாக இருந்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது, எவ்வளவு நல்ல எண்ணம், பெருமையாக இருந்தது எனக்கு: அக்கா போன வருஷம் தை மாசம், இப்போது நாங்கள் போகிற ஆட்டுக்காரன் கரட்டில், அந்தக் குன்றில், பொறுக்கிய கற்கள் அவள் கட்டிலுக்கு அடியில் அப்படியே கிடந்தன, அம்மா பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்துக் கொடுத்த சாம்பிள் பைகள், ஒவ்வொன்றிலும் மார்க்கரில் எண், பை தூக்க நானும் போயிருந்தேன், அதற்கப்புறம் பத்திரிகை வந்தது, பைகளை அவள் தொடவே இல்லை. ஒரு பைக்குள் கல்லைப் போட்டு முடிச்சை அதே மாதிரி கட்டினேன். திட்டம் இதுதான், அம்மா பைகளை வீசப்போகிறாள் என்று கிளப்பிவிடுவது, அவள் பயந்து பிரிப்பாள், இந்தக் கரட்டில் டூர்மலினா என்று கண்ணை விரிப்பாள், ஒரு அரை மணி நேரம் விரித்தபடி இருக்கட்டும், அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து தெய்வநாயகம் சார், "ரெஜினா, வாட் ஐ ஆம் சேயிங் ஈஸ், உன் தம்பி ஒரு ஃப்ராடு", அவ்வளவுதான், விக்கல், தோள் குலுக்கல், செருப்பைத் தூக்கிக்கொண்டு துரத்துவாள், நான் மொட்டை மாடிக்கு ஓடுவேன். இதுதான் அந்தச் சிரிப்பு. இங்கேதான் எல்லாரும் சிரித்திருக்க வேண்டும். அக்கா பைகளைப் பிரித்தாள், குளியலறையில் உட்கார்ந்து பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு கல்லாகத் தேய்த்தாள், நான் கதவுக்குப் பின்னால் தொண்டையைச் சரிசெய்துகொண்டு நின்றேன், சத்தம் வரவில்லை, எட்டிப் பார்த்தேன், ஈரக் கல்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள், பச்சை, பழுப்பு, பச்சை, பழுப்பு, அவள் முகத்தில் எதுவோ உள்ளே வந்து உட்கார்ந்தது, யாரோ ஊரிலிருந்து திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றின மாதிரி. "டூர்மலின்தான், வேற என்ன" என்று தனக்குத்தானே சொன்னாள். அப்புறம் சொன்னாள், "ஆனா ஏன் இப்படிப் பொளந்திருக்கு." நான் சாரை எடுக்கவில்லை. நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் அந்த முகம் இருக்கட்டுமே.

அய்யலூர் வந்து, தாண்டியும் விட்டது. அடுத்த நாள் காலேஜ் லேபில் கல்லைக் காற்றில் நிறுத்தாள், அப்புறம் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தாள், தண்ணீருக்குள் எவ்வளவு எடை குறைகிறதோ அதை வைத்துக் கல்லின் அடர்த்தி தெரியும், டூர்மலின் என்றால் தண்ணீரைவிட மூன்று மடங்குக்குச் சற்று மேலே நின்றுவிடும், இது மூன்றேகாலையும் தாண்டியது. தராசு சரியில்லை என்று நினைத்தாள். மறுபடி நிறுத்தாள். டூர்மலினுக்கு நேராகப் பிளக்கிற குணம் கிடையாது, இதற்கு இருந்தது. தெய்வநாயகம் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸில் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அக்காவைப் பார்த்தார், ஒரு துணுக்கைச் சென்னைக்கு அனுப்பி எக்ஸ்ரே போடச் சொன்னார், அங்கிருந்து வந்த பதில்தான் கோணநெருப்பு. ஹனிபாவுடைய அத்தா கண்ணால் எடை போட்டு ஹார்லிக்ஸ் டப்பாவுக்குள் போட்ட கல். ஒரு பொய்க்குள் நான் தெரியாமல் ஓர் உண்மையைப் போட்டுக் கட்டிவிட்டேன், சாதாரண டூர்மலினாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். "இத எங்கடா எடுத்தேன், எனக்கு ஞாபகமே இல்லையே" என்று அக்கா அன்றைக்கு ராத்திரி கேட்டாள், சாப்பிட்ட கையோடு கேட்டாள், அவளாகக் கேட்டு என்னிடம் பேசிய முதல் வாக்கியம் எத்தனை மாசத்துக்கப்புறம், அப்போது நான் சொல்லியிருக்கலாம், வாயைத் திறந்தேன், வந்தது வேறு, நான்தான் பொறுக்கிப் போட்டேன் என்று வந்தது, இடம்கூடச் சொன்னேன், எந்தப் பாறை, எந்த இடுக்கு, எல்லாம் சொன்னேன், யார் குரலிலும் இல்லை, என் சொந்தக் குரலில். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். அதற்கப்புறம் எல்லாம் வண்டி தானாக ஓடியது. சார் சொன்னார், எடத்தை மட்டும் காட்டும்மா, மிச்சத்தை நான் பாத்துக்கறேன், இந்த வருஷமே பிஎச்டிக்குப் பதிவு பண்ணலாம். மணப்பாறையிலிருந்து பாஸ்கா திருநாள் கழிந்ததும் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களுக்கு அப்பா போன் போட்டு, "பொண்ணு மேல படிக்கணும்ங்குது, கொஞ்சம் பொறுங்க" என்றார், அப்பா, என் அப்பா, "வேடசந்தூர் எறங்கு" என்கிற அதே வாயால். பேருந்தில் தெரிந்த முகம் ஏறினால் டிக்கெட்டோடு சேர்த்து மகள் கண்டுபிடித்த கல்லையும் கொடுத்துவிடுகிறாராம். நாளைக்குச் சார் காலேஜ் வேனில் வருகிறார், கூட இரண்டு பேராசிரியர்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் பாறையில் கல் ஒட்டியிருக்கிற இடத்தைத் தானே பார்த்துவிட வேண்டும் என்று அக்கா இன்றைக்குக் கிளம்பியிருக்கிறாள்.

ஸ்கூட்டி தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் இறங்கி, புளியமரத்தடியில் நிற்கிறது. மேலே கரடு. மொட்டைக் கரடு, அங்கங்கே சப்பாத்திக்கள்ளி, கீழே ஆடுகள், ஆட்டுக்காரர் யாரையும் காணோம். அக்கா ஏறிக்கொண்டே பேசுகிறாள், மூச்சு வாங்குகிறது, பேச்சு நிற்கவில்லை, சேர்த்துவைத்த பேச்சு, "சிலிக்கேட்டுன்னா என்னன்னு நெனச்சே, எல்லாத்துலயும் ஒரே ஆளுதான்டா, நடுவுல ஒரு சிலிக்கன், சுத்தி நாலு ஆக்சிஜன், அவ்வளவுதான், யாரு யாரோட கைகோத்திருக்காங்கறதுலதான் சாதியே பிரியுது, தனியா நிக்கிறது ஒண்ணு, ரெண்டு ரெண்டா கோத்துக்கிறது ஒண்ணு, வட்டமா நின்னு கும்மி அடிக்கிறது டூர்மலின், சங்கிலியா போறது, பாய் மாதிரி விரியிறது மைக்கா, எல்லாரும் எல்லாரையும் பிடிச்சுக்கிட்டா குவார்ட்ஸ்." "நம்ம கல்லு?" என்று கேட்கிறேன். நம்ம கல்லு என்று சொல்லிவிட்டேன். "அது ரெண்டும்கெட்டான்டா. கொஞ்சப் பேரு ஜோடியா, கொஞ்சப் பேரு மூணு மூணா. அந்த மூணுல நடுவுல நிக்கிறவன் எடத்துலதான் போரான் வந்து உக்காரும். போரானே அபூர்வம், அது மெக்னீசியமும் அலுமினியமும் நெறஞ்ச பாறைக்குள்ள பூமிக்கு அடியில அத்தன சூட்டுல போய்ச் சேரணும், சிலிக்கா நெறையக் கூடாது, எல்லாம் ஒண்ணா அமையணும். அமையாதுடா. ஒலகத்துல எங்கயும் அமையாது. இங்க அமஞ்சிருக்கு பாரு." அமைந்திருக்கு பாரு என்று சொல்லிவிட்டு நிற்கிறாள், வியர்வை நெற்றியிலிருந்து மூக்குக்கு வழிகிறது, கையை இடுப்பில் வைத்துக் கரட்டைப் பார்க்கிறாள், சொந்த வீட்டைப் பார்க்கிற மாதிரி. "மகிழ் மெசேஜ் போட்டிருந்தாருடா. கங்கிராட்ஸ்னு. நான் பதில் போடல." போனை எடுத்துக் காட்டுகிறாள், அவள் முகப்புப் படமே இப்போது அந்தக் கல்தான். "போடணும்னு தோணல. அதுதான் ஆச்சரியமா இருக்கு. வலிக்கல." என் தொண்டைக்குள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் படியில் நிற்கிறார்கள், உள்ளே இடமில்லை, எவனாவது ஒருவன் இறங்கிச் சொன்னால் என்ன, சாமியார் சொல்லட்டும், சார் சொல்லட்டும், ஏன் அந்த மகிழ் அண்ணனே சொல்லட்டும், அவர்தான் முதலில் உடைத்தவர், இரண்டாவது தடவையும் அவரே உடைக்கட்டும், ரெஜி, அது ஆட்டுக்காரன் கரட்டுக் கல் இல்லை, அப்பறம். வாயைத் திறக்கிறேன். வருவது செல்போன் பெண். "இருநூறு மீட்டரில், கள்ளிச்செடியில், இடதுபுறம் திரும்பவும். திரும்பினால், முள் குத்தும்." அக்கா மூச்சை உள்ளே இழுத்தாள். விக்கல். போதும்டா போதும்டா என்று கையை ஆட்டினாள், பாறைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், தோள் குலுங்கியது, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குலுங்கினாள். வந்துவிட்டது. நான் எத்தனை மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான், இவ்வளவு சுத்தமாக, இவ்வளவு நேரம், இதற்காகத்தான் எல்லாமே. அவளைப் பார்த்துக்கொண்டு சுத்தியலின் கைப்பிடியை நெரித்துக்கொண்டு நிற்கிறேன், சிரிக்காதேக்கா, கொஞ்சம் மிச்சம் வை.

நான் காட்டிய இடுக்கு அதுவேதான் என்று அவளுக்குச் சந்தேகமில்லை. மண்டியிட்டு ஆரம்பித்தாள். டக், டக், கல் தெறித்தது, உடைந்த பக்கத்தை நாக்கில் ஈரப்படுத்தி லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்தாள், போட்டாள், அடுத்தது, டக், கறுப்பு மைக்கா, சிவப்புக் கார்னெட், வெள்ளையாக குவார்ட்ஸ், குவார்ட்ஸ், குவார்ட்ஸ், "என்னடா இவ்வளவு குவார்ட்ஸா இருக்கு, எல்லாம் சிலிக்கா" என்றாள், டக், வெயில் பிடரியில் ஏறியது, நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், குடிக்காமல் கல்லைக் கழுவினாள், பக்கத்துப் பாறைக்கு நகர்ந்தாள், அதற்கடுத்ததற்கு நகர்ந்தாள், நான் ஒவ்வொரு டக்குக்கும் உள்ளே ஏதோ வேண்டிக்கொண்டிருந்தேன், இருந்துவிடட்டும், கடவுளே, உனக்கென்ன கஷ்டம், எங்கோ கிரீன்லாந்தில் வைத்தவன்தானே, இங்கே ஒரு நகக்கண் அளவு வைத்திருக்கக் கூடாதா, நான் பொய் சொன்ன இடத்திலேயே அது நிஜமாக இருந்துவிட்டால் என் பொய் பொய்யில்லை, யாரும் உடைய வேண்டாம், டக், ஒன்றுமில்லை, பூசை முடிந்திருக்கும் இந்நேரம், அம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பாள், அப்பா திருச்சி ட்ரிப்பில் யாரிடமோ கல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார், டக், கை நோகுதாக்கா, நான் அடிக்கட்டுமா, "வேணாம், நீ தப்பா உடைச்சுருவ", டக். அவள் விரலில் ரத்தம் வந்தது, அவள் பார்க்கவில்லை. "பரவால்ல, இருக்கும், அடியில இருக்கும்" என்றாள், எனக்குச் சொன்னாளா பாறைக்குச் சொன்னாளா தெரியவில்லை. அப்புறம் சுத்தியலைக் கீழே வைத்தாள். "டப்பாவக் குடுடா. எந்தப் பக்கம் பாறையோட ஒட்டியிருந்துச்சுன்னு பாத்தா, அதே மாதிரி பாறையத் தேடலாம்." கொடுத்தேன். பஞ்சிலிருந்து கல்லை எடுத்தாள். பாட்டில் தண்ணீரில் நனைத்தாள், லென்ஸைப் பொருத்தினாள், திருப்பினாள், ஒட்டியிருந்த பக்கத்தைத் தேடித்தான் திருப்பினாள், நிறத்தைப் பார்க்கவில்லை, முதல்முறையாக அவள் நிறத்தைப் பார்க்காமல் அந்தக் கல்லைப் பார்த்தாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். மறுபடி சுற்றினாள். அப்புறம் லென்ஸை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் விளிம்பைத் தடவினாள், மெதுவாக, இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே.

"ஜெரோமு." "என்னக்கா." "இங்க ஆறு எங்கடா இருக்கு?" ஆடுகள் கீழே எதையோ இழுத்துத் தின்கிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. "கரட்டுல ஏதுக்கா ஆறு" என்றேன், சரியாகத்தான் சொன்னேன், ஆறு கிடையாதுதானே, அது உண்மைதானே, ஏன் கேட்கிறாள், கல் நனைய வேண்டும் என்றால் பாட்டிலில் இன்னும் தண்ணீர் இருக்கிறதே. "ஓடை? பழைய வாய்க்கா ஏதாச்சும்?" "இல்லக்கா. மழை பேஞ்சாலே நிக்காது." அவள் தலையை ஆட்டினாள், கணக்கு ஒன்றுக்கு விடை சரியாக வந்தவள் மாதிரி. இங்கே உடைந்த கல் ஒன்றை இடது கையில் எடுத்தாள், அதன் ஓரம் கத்தி மாதிரி இருந்தது, அது கீறித்தான் விரலில் ரத்தம் வந்திருந்தது. வலது கையில் பச்சைக் கல். இரண்டையும் வைத்துக்கொண்டு நிறுத்துப் பார்ப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். "சாரும் பாக்கல" என்றாள். "எக்ஸ்ரே போட்டவங்களும் பாக்கல, அவங்களுக்குத் துணுக்குதான் போச்சு. நான் பாத்திருக்கணும். ஃபர்ஸ்ட் இயர்லயே சொல்லிக்குடுக்கறது. பாறையிலேருந்து வந்த கல்லு ஓரம் மழுங்காது. ரொம்பத் தூரம் தண்ணியில உருண்டாத்தான் மழுங்கும். பாக்கணும்னே தோணலடா எனக்கு." குரல் சாதாரணமாக இருந்தது, காய்கறிக் கடையில் பேசுகிற குரல். அப்பா வரவில்லை, சாமியார் வரவில்லை, தொண்டை காலி வண்டி மாதிரி கிடந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, நான் சொன்ன அந்த இடுக்கைப் பார்த்தபடியே வாயைத் திறந்தாள், அதிலிருந்து ஒரு குரல் வந்தது, கொஞ்சம் மூக்கு, கொஞ்சம் அவசரம், நடுவில் எச்சிலை விழுங்குகிற இடம்கூட விடாமல், "நீ அந்தாண்ட குனிஞ்சு எழுதிட்டிருந்தேக்கா, நான் இந்த இடுக்குல கால வச்சேன், வழுக்கிச்சு, கைய ஊனினேன், கையில பச்சையா தட்டுப்பட்டுச்சு, நல்லாருக்கேன்னு பையில போட்டுட்டேன்." அக்கா யார் குரலையும் எடுத்து நான் கேட்டதில்லை. யாருடையது இது என்று ஒரு நொடி யோசித்தேன், பிறகு தெரிந்தது, நான் எல்லாரையும் பிடித்திருக்கிறேன், என்னைப் பிடித்ததில்லை, பொய் சொல்லும்போது நான் இப்படித்தான் இருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அவள் கையை நீட்டினாள், உள்ளங்கையில் கல், ரத்தம் அதன் மேல் ஒட்டியிருந்தது. இப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"எந்த ஊரு ஆத்துல உருண்டதுடா இது?"